பக்கத்து இடம்

சி-யில் மிச்சம் எண்ணூறு எம்பி.
சிவப்புக் கோடு விளிம்பை முட்டிவிட்டது.
புரசைவாக்கம் பாத்திரக் கடையின்
ஜிஎஸ்டி கணக்கைச் சேமிக்கப் போனால்
இடமில்லை என்கிறது,
மாலை ஆறு மணி 29சி கண்டக்டர் போல.

குப்பைத் தொட்டியைக் காலி செய்தேன்.
ஒரே ஆதார் அட்டையின் ஒன்பது நகல்கள்,
யார் யாரோ அனுப்பிய காலை வணக்கங்கள்.
கணினி தூங்கப் போகுமுன்
தன் நினைவை எழுதிவைக்க
ஆறு ஜிபி ஒதுக்கி வைத்திருக்குமாம்,
அதையும் பிடுங்கினேன்.
நான் மட்டும் என்ன தூங்குகிறேனா?
இரண்டே நாள். மறுபடி சிவப்பு.

ஏ, பி எங்கே என்று யாரும் கேட்பதில்லை.
பிளாப்பிகள் குடியிருந்த வாசல்கள்.
காலியாகி எத்தனை வருடம்,
சி ஒரு அடி முன்னால் நகரவில்லை.

ஒரே டிஸ்க். எட்வின்தான் கூறு போட்டான்:
சி பொது, டி அவனுக்கு, இ எனக்கு.
ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது.
பெரம்பூர் வீட்டைக் கூறு போட
மூன்று வருடம், இரண்டு வக்கீல்,
அதிலும் மாடிப்படி யாருக்கென்று
இன்னும் தெரியாது.
அவன் அம்பத்தூர் போய்விட்டான்.
டி இங்கேயே கிடக்கிறது.

என் இ-யில் நூறு ஜிபி சும்மா இருக்கிறது.
வெட்டி சி-யோடு சேர்க்கலாமென்றால்
'விரிவாக்கு' என்ற சொல்
சாம்பல் பூத்துக் கிடக்கிறது, அழுத்தினால் அசையவில்லை.
ஒட்டினாற்போல் உள்ள இடத்தைத்தான்
சேர்க்க முடியுமாம்.
நடுவில் டி.
பதிவு அலுவலகத்திலும்
இதையேதான் சொன்னார்கள்.

பதினான்கு மாதம் கழித்து போன் போட்டேன்.
"உன் டி-யை என்ன பண்ண?"
"அழிச்சிடு."
பின்னால் மிக்ஸி ஓடியது. வைத்துவிட்டான்.

அழிக்குமுன் ஒன்றைத் திறந்தேன்.
கிறிஸ்துமஸ் பாடகர் குழுவுக்கு
கீபோர்டில் அவன் செய்த பதிவுகள்.
மறுபடி 1, மறுபடி 2, மறுபடி 37 வரை.
நான்கில் குக்கர் விசில்.
ஒன்பதில் அவனே தப்பு செய்கிறான்.
பதினொன்று நன்றாகத்தான் போகிறது,
பாதியில் ஒரு பெண் குரல், கரகரவென்று:
"டேய் எட்வின், தண்ணி லாரி வந்துருச்சு,
குடத்த எடுடா!"
நாற்காலி நகர்கிறது.
நிறுத்த மறந்திருக்கிறான்.
இருபது நிமிடம் ஆளில்லாத அறை,
தூரத்தில் குடம் நிறையும் சத்தம்,
நிறைந்ததும் அடுத்த குடம்.
என் குரல் இவ்வளவு மோசமென்று
யாரும் சொன்னதில்லை.
இருநூறு எம்பி, பெரும்பாலும் தண்ணீர்.

ரிச்சி தெருவில் ஒரு டெரா டிஸ்க்,
நாலாயிரத்து முந்நூறு.
பில் வேண்டாமென்றால் இருநூறு குறைப்பாராம்.
கணக்கெழுதிப் பிழைப்பவள், பில்லோடு வாங்கினேன்.

இரவு முழுக்க நகல்.
விடிந்ததும் டி-யை நீக்கினேன்.
உறுதிதானா என்றது. ஆமாம்.
நீலப் பட்டை கறுப்பானது,
கறுப்பின் மேல் சி படர்ந்தது.
ஐந்து வினாடி.

புது டிஸ்க்குக்கு எஃப் என்று
கணினியே பெயர் வைத்துவிட்டது.
அவன் பாட்டுகள் டி-யைத் தேடித் தேடி
காணவில்லை, காணவில்லை என்றன.
எழுத்தை மாற்றினேன்.
சில நிரல்கள் ஓடாமல் போகலாமென்று
ஓர் எச்சரிக்கை, அதற்கும் ஆமாம்.
எஃப் போய் டி வந்தது.
வீடு மாறியதே தெரியாமல்
முப்பத்தேழும் திறந்தன.

ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.
சி-க்கு அடுத்து இ.
மறுபடி 11-க்கு மட்டும்
இ-யில் ஒரு நகல். இருநூறு எம்பிதானே.
பாத்திரக் கடைக்கு இருபதாம் தேதி கெடு.
உறைமேல் அம்பத்தூர் முகவரி எழுதியாயிற்று.
அவன் வீட்டுக் கணினி
இதற்கு என்ன எழுத்து கொடுக்குமோ.