பக்கம் மூன்று, பக்கம் ஒன்பது

வூச் நகரத்தின் பழைய குடியிருப்பு. லிஃப்ட் இல்லை.
நான்காம் மாடிக்கு எழுபத்திரண்டு படிகள்.
முப்பத்து நான்கு வயதில் நானே
மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினேன்.
தோள்பையில் ரத்த அழுத்தக் கருவி,
நிறுத்துக் கடிகாரம்,
கைப்பிடியின் பலத்தைக் கிலோவில் சொல்லும் இரும்பு,
பதினோரு பக்கக் கேள்வித்தாள்.

தட்டும் முன்பே கதவு திறந்தது.
"இரண்டாம் மாடியிலேயே உங்கள் பூட்ஸ் கேட்டது."

ஃபெலிக்சா. எண்பத்தொன்று.
முப்பது வருடம் டிராம் ஓட்டியவர்.
கடைசியாகத் தெருவில் கால் வைத்தது அக்டோபரில்.
இது மார்ச்.
கோட்டைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார்:
"அடுத்து எப்போது வருவீர்கள்?"
தளர்ச்சி இருந்தால் ஆறு மாதத்தில்,
இல்லையென்றால் இரண்டு வருடம் கழித்து என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

பக்கம் மூன்று.
முடிந்த மட்டும் அமுக்குங்கள்.
பன்னிரண்டு கிலோ. மறுபடி. பதினொன்று.
கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ வேண்டும்;
மூன்றாவதில் உட்கார்ந்துகொண்டு
"பிரேக் பிடித்துவிட்டது" என்றார்.
சமையலறை வாசலிலிருந்து ஜன்னல் வரை நான்கு மீட்டர்.
எட்டு நொடி.

ஜன்னலில் ஒரு கயிறு, கயிற்றில் கூடை.
கீழ்வீட்டுப் பையன் ரொட்டி வைத்துவிட்டு
சைக்கிள் மணி அடிப்பானாம்.
அவன் மூக்கு எப்படி, கண் எப்படி, தெரியாது.
மேலிருந்து பார்த்ததில் தெரிந்தது ஒன்றுதான்:
இரட்டைச் சுழி.

பக்கம் ஒன்பது.
தனியாக இருப்பதாக எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள்?
எப்போதுமில்லை. சில நேரம். அடிக்கடி.
"எப்போதுமில்லை."
பேனா காகிதத்தைத் தொடுமுன்,
"இன்றைக்குக் கேட்கிறீர்களா, நேற்றைக்கா?"
அதற்குக் கட்டம் இல்லை.

பயிற்சி வகுப்பில் ஒரு படம் காட்டியிருந்தார்கள்.
தளர்ச்சியிலிருந்து தனிமைக்கு ஓர் அம்பு,
தனிமையிலிருந்து தளர்ச்சிக்கு ஓர் அம்பு,
இரண்டிலிருந்தும் இதயத்துக்கு.
இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தால்
இதயத்துக்கு ஆபத்து கூடுதல் என்றார்கள்.
படத்தில் படிக்கட்டு இல்லை.

தேநீர் வந்தது. பிளம் ஜாம் வந்தது,
போன கோடையில் மூடியது, மூடி துருவோடு இறுகியிருந்தது.
நான் கை நீட்டுவதற்குள்
ஒரே திருகு.
டப்பென்று திறந்துகொண்டது.

நான் ஜாடியைப் பார்த்தேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
கன்னம் சிவந்தது, திருட்டு டிக்கெட்டில் மாட்டிக்கொண்ட
பள்ளிக்கூடப் பிள்ளை போல.
"ஆறு மாதம் என்றீர்களே" என்றார்.

விதிப்படி மூன்று முறை அமுக்க வைக்க வேண்டும்,
அதில் பெரிய எண்ணை எழுத வேண்டும்.
இரண்டுதான் ஆகியிருந்தது.
இரும்பை எடுக்கவா என்று யோசித்தபடி
மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணினேன்:
மூன்று துடிப்பு, ஒரு தயக்கம்,
பிறகு அவசரமாக ஒன்று,
கிளம்பிவிட்ட டிராமை ஓடிப் பிடிக்கிற ஆள் போல.
மறுபடி எண்ணினேன். மறுபடி அதே தயக்கம்.
இதை நடிக்க முடியாது.
அந்த எட்டு நொடியில் எத்தனை நடிப்பு,
எத்தனை ஐந்து மாதமாய் இறங்காத கால்கள்,
அவருக்கே தெரியுமா என்ன?

இதய மருத்துவருக்குச் சீட்டு எழுதினேன்.
"அவர் மேலே வருவாரா?" என்றார்.
நீங்கள்தான் இறங்க வேண்டும் என்றேன்.
சர்க்கரை போடாத தேநீரை
வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை என்ன செய்கிறீர்கள்?" என்று
யாரோ கேட்டார்கள். நான்தான்.
வியாழன் எனக்கு விடுமுறை.
முதல் நாள் மூன்றாம் மாடி வரைக்கும், அவ்வளவுதான்,
அங்கே மடக்கு நாற்காலி ஒன்று போட்டுக்கொள்ளலாம்.
"பூட்ஸ் தேட வேண்டும்" என்றார்.

வாசலில் நின்று கேட்டேன்.
மேலே கதவு இன்னும் சாத்தவில்லை.
மூன்றாம் முயற்சிக்கான கட்டம் காலியாகவே இருந்தது.
குறிப்புகள் என்ற இடத்தில்
பிளம் ஜாம் என்று எழுதி, அடித்துவிட்டு,
மறுபடி எழுதினேன்.