பில்னிட்ஸில் இறங்கியவர்

இருபத்து மூன்று பேர்.
ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை
உதடு அசையாமல் எண்ணிக்கொள்வேன்.
பதினோரு வருஷமாக இதுதான் என் பிழைப்பு:
பழைய வண்டிகளில் வயதானவர்களை ஏற்றி
பத்திரமாக இறக்குவது.

முதல் நாள், ராடபாய்ல்.
ஒடுங்கிய தண்டவாளத்தில் நீராவி ரயில்.
கரித்தூள் கண்ணில் விழுந்ததென்று ஒருவர் புகார் சொன்னார்,
தனக்கு விழவில்லையே என்று இன்னொருவர்.
ஜன்னலோரம் எக்கார்ட் ஸ்வீபெல்,
கெம்னிட்ஸ் சிக்னல் அறையில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தவர்.
ஒவ்வொரு நிலையத்திலும் கடிகாரம் பார்ப்பார்,
தாமதத்தைச் சின்ன நோட்டில் எழுதுவார்,
பிறகு என்னைப் பார்ப்பார்
ரயிலை நான்தான் தள்ளிக்கொண்டு வந்ததுபோல.

இரண்டாம் நாள், காட்டோரம் ஓடும் மஞ்சள் டிராம்.
மரப்பலகை இருக்கை. தழைகள் கண்ணாடியைத் தடவின.
ஹானெலோரே முஷ்கே
மணியை ஒரே ஒரு முறை அடித்துப் பார்க்கட்டுமா என்றார்.
ஓட்டுநர் பெண் தலையசைத்தாள்.
அடித்தார். மறுபடி அடித்தார்.
எழுபத்தொரு வயதில் முதன்முறையாகச்
சட்டத்தை மீறிய முகத்தோடு வந்து உட்கார்ந்தார்.
நோட்டில் ஏறியது:
நான்கு நிமிடம் தாமதம். காரணம், மணி.

மூன்றாம் நாள் நதி இல்லை.

இருந்தது,
ஒரு கப்பலுக்குப் போதாத அளவில்.
ஆறு வாரம் வெயில் குடித்துவிட்டு வைத்த மிச்சம்.
எல்பே தன் கற்களையெல்லாம் வெளியே போட்டு
இடுப்பெலும்பு தெரியப் படுத்திருந்தது.
சக்கரம் சுழற்றி ஓடும் நூறு வயது 'மெட்டா'
படித்துறையில் கட்டிய கயிற்றோடு நின்றாள்.

பணத்தைத் திருப்பித் தரலாம். பேருந்து வரவழைக்கலாம்.
பேருந்து என்று நான் சொன்னதும்
இருபத்து மூன்று முகங்களும்
அப்பளம் போல நமத்துவிட்டன.
கேப்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
"ஏறுங்கள். காபி சூடாகத்தான் இருக்கிறது.
நகர மாட்டோம், அவ்வளவுதான்."

மேல்தளம். வெள்ளை நாற்காலிகள்.
பழக்கத்தில் கை ஒலிபெருக்கியை எடுத்தது.
பழக்கத்தில் வாய் சொன்னது:
"புறப்பட்டோம். இடப்பக்கம் திராட்சைச் சரிவுகள்."

எதிர்க்கரையில் நாலு சைக்கிள்கள்தான் நின்றன.
ஆனால் இருபத்து மூன்று தலைகளும்
இடப்பக்கம் திரும்பின.

அதன்பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.
காற்று பலமாக வீசும் இடம் என்றேன்,
சால்வைகள் இறுகின.
பாலத்துக்கு அடியில் போகிறோம் என்றேன்,
உயரமான ஒருவர் குனிந்தார்.
முஷ்கே எலுமிச்சைத் துண்டு வாங்கி வைத்துக்கொண்டார்,
கப்பல் அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம்.
கரையில் ஒரு பையன் எங்களைக் கடந்து ஓடினான்.
"நாம் எதிர்நீரில் போகிறோம், அதனால்தான்"
என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார்.

"பில்னிட்ஸ்," என்றேன்.
"கோடை அரண்மனை. நீருக்குள் இறங்கும் படிக்கட்டு.
இங்கே இரண்டு நிமிடம் நிற்போம்."
நின்றோம்.
அதில் நாங்கள் தேர்ந்தவர்கள்.

பிறகு மணற்பாறைகள் வந்தன, கோட்டை வந்தது,
கேக் வந்தது; அது நிஜமாகவே வந்தது.
இரண்டு மணி நேரம் முடிந்து இறங்கும்போது எண்ணினேன்.
இருபத்திரண்டு.
திரும்பவும். இருபத்திரண்டு.

ஸ்வீபெலின் நாற்காலியில் நோட்டு மட்டும்.
கழிப்பறை, இயந்திர அறை, எங்கும் இல்லை.
"அவரா?" என்றார் முஷ்கே.
"பில்னிட்ஸிலேயே இறங்கிவிட்டாரே."
யாரும் சிரிக்கவில்லை.

தூரத்தில், நதி இருக்கவேண்டிய இடத்தில்,
கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி,
காலணிகளை ஒரு கையில் தொங்கவிட்டு,
காய்ந்த படுகையில் கல்கல்லாகத் தாண்டி
மேல்திசையில் போய்க்கொண்டிருந்தார் ஒரு மனிதர்.
கூப்பிட்டேன்.
திரும்பாமலே காலியான கையை உயர்த்தினார்,
வழி சரியாக இருக்கிறது, வரலாம் என்பதுபோல.

அடுத்தவர் நோட்டைத் திறக்கக் கூடாது. திறந்தேன்.
கடைசி வரி:
பில்னிட்ஸ். குறித்த நேரத்தில்.

"கொஞ்சம் காத்திருக்க முடியுமா?" என்றேன் கேப்டனிடம்.
"அதற்கென்ன," என்றார் அவர் கயிற்றைப் பார்த்து,
"நாங்கள் எங்கே போய்விடப் போகிறோம்?"