தாசில்தாருக்குப் பாதி

மேல்மாடிக்காரர்கள் ஓசூருக்கு மாற்றலாகிப் போகையில்
கேஸ் சிலிண்டரை ஏற்றினார்கள், துளசித்தொட்டியை ஏற்றினார்கள்,
ஆமையை வாளியோடு விட்டுப்போனார்கள்.
ரூபன் அதற்குத் தாசில்தார் என்று பேர்வைத்தான்.
எதை நீட்டினாலும் முதலில்
கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சத்துவாச்சாரி, சித்திரைக் கடைசி.
தொட்டித் தண்ணீரே வெந்நீர்.
கீரை போட்டால் மிதித்துவிட்டு நடக்கும்.
இலவம்பாடிக் கத்திரிக்காயை முகர்ந்துகூடப் பார்க்காது.
என் கால்விரல் சாயத்தைத் தக்காளி என்று நினைத்துக்
கடித்தது ஒருநாள்.
சுவரோரம் சுண்ணாம்பு உரிந்த இடத்தில்தான் அதற்கு விருந்து.
இரவில் கரக் கரக்கென்று சத்தம்.
எலி, என்றான் ரூபன்.
நான் சொல்லவில்லை,
பாதிச் சத்தம் என்னுடையது என்று.

ஐந்தாம் மாதம் எனக்கு.
பல்பம்.
டப்பா பத்து ரூபாய். கடைக்காரர்
"பாப்பா எந்தக் கிளாஸ்?" என்று கேட்டார்.
"இன்னும் சேர்க்கலை" என்றேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால்
இரண்டு வெள்ளாடு, கட்டுப்போட்ட ஒரு கன்று.
டாக்டர் கட்டைவிரலால் ஓட்டை அழுத்தினார்.
நமுத்த அப்பளம்போல் குழிந்தது.
"சுண்ணாம்புச் சத்து இல்லை, வெயில் இல்லை.
இல்லாததைத்தான் சுவத்துல தேடுது."
வெயில் இல்லையாம், வேலூரில்.
ஆட்டுக்காரர் சிரித்தார்.
நான் வாயைத் திறக்கவில்லை.
பல்லில் சாம்பல் நிறம் தெரியும்.

லாங்கு பஜார் நாட்டுமருந்துக் கடையில்
கடல்நுரை கிடைத்தது. கணவாயின் ஓடு, நூறு கிராம்.
பாலாற்றில் மணல்கூட மிச்சமில்லாத ஊரில்
கடலின் எலும்பு ஒன்று வாளியில் மிதந்தது.
மூன்று நாள் அதைப் பார்த்துக் கழுத்தை இழுத்துக்கொண்டது.
நாலாம் நாள் ஓரத்தில்
பிறைமாதிரி ஒரு கடி.

கண்ணிமையை இழுத்துப் பார்த்த நர்ஸ் பிலோமினா
"சுண்ணாம்பு மாத்திரை முழுசாப் போடுறியா?" என்றாள்.
பாதியை இடித்துத்
தாசில்தாருக்கு வைத்த கதையை எப்படிச் சொல்ல?
அதுவும் தின்னவில்லை.

இப்போது காலை ஏழுமணி வெயிலில்
மொட்டைமாடியில் இருவரும்.
எனக்கு முழு மாத்திரை, அதற்குக் கணவாய்.
தினமும் ஓட்டை அழுத்திப் பார்க்கிறேன்.
எதிர்க்கிறது,
கொஞ்சம், கொஞ்சம்தான்.
உள்ளேயிருந்து ஒரு கால்
என்னையும் அப்படியே அழுத்திப் பார்க்கிறது.

டப்பாவில் இன்னும் ஏழு குச்சி பாக்கி.
தூக்கிப்போடவில்லை.