நாற்பதாவது அடிக்கு அப்பால்

நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன்:
ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேர் விளையாடுவார்கள்.
பன்னிரண்டு இனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மொழி,
கடலுக்கடியில் நீதிமன்றம்,
செத்தவனின் வாளை எடுப்பவன்
அவன் கடனையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டம்,
டிராகன்கள் (எண்ணிக்கை பிறகு).
அதுவரை நான் எழுதிய மொத்த நிரலும்
என் பெயரைத் திரையில் காட்டுவது.
அதிலும் ஒரு எழுத்துப் பிழை.

லியபாயாவில் ஜனவரி.
கடலில் கிளம்பும் காற்று வேறெங்கும் தங்காமல்
என் ஜன்னல் இடுக்குக்கு வந்துவிடும்.
செருப்புப் பெட்டியின் மேல்
மூடி உடைந்த லேப்டாப் ஒன்று இரைந்துகொண்டிருக்கும்.
அதுதான் சர்வர். பத்தாயிரம் பேருக்கும் பூமி.
அம்மா இஸ்திரிப் பெட்டியைச் செருகினால்
பூமி அணைந்துவிடும்.

நவம்பரில் ஒரு பச்சைக் கனசதுரம் செய்தேன். நகர்ந்தது.
டிசம்பர் முழுக்க
அதை இன்னொரு திரையிலும் நகரவைக்கப் போராடினேன்.
இங்கே நடந்தால் அங்கே தெரிய வேண்டும்,
அவ்வளவுதானே என்றிருந்தேன்.
இங்கேயும் அங்கேயும்
ஒரே கணத்தில் இருப்பதே இல்லை என்று
யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

டக்னியா அயர்லாந்து போய் இரண்டு வருடம்.
மோனகனில் காளான் பறிக்கிறாள்.
எங்கள் பேச்சு பிறந்தநாள் வாழ்த்தாகச் சுருங்கி
போன வருடம் வெறும் கேக் படமாகிவிட்டது.
அவளுக்கு முகவரியும் கடவுச்சொல்லும் அனுப்பினேன்.
"விளையாட்டு இன்னும் இல்லை. சும்மா வா."

ஞாயிறு இரவு ஒன்பது பத்துக்கு
என் பச்சைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு.
நான் எதையும் தட்டவில்லை.
அது தானாக நகர்ந்தது.
தானாக என்றால், அவளாக.
நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்,
வீட்டுக்கு யாரோ வந்ததுபோல.

அவள் கிழக்கே போனாள், விட்டு விட்டு, நொண்டி நொண்டி.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.
தரையை நான் நாற்பது அடிதான் போட்டிருந்தேன்.

"ரைவிஸ், இதற்கு அடி எங்கே?"
இல்லை.
"அடியே இல்லையா?"
யோசிக்கவில்லை.
"நீதிமன்றம் மட்டும் யோசித்தாய்."

மேலே கொண்டுவரத் தெரியவில்லை.
பேக்கரிக்கு நேரமாகிவிட்டது.
நிறுத்திவிடவா என்று கேட்டேன்.
"வேண்டாம், விழட்டும். நான் தூங்கப் போகிறேன்."

இரவெல்லாம் கறுப்பு ரொட்டிகளைப் புரட்டி
அடியைத் தட்டிப் பார்த்தேன்.
வெந்த ரொட்டி
காலி அறையைத் தட்டுவதுபோல் ஒலிக்கும்.
தட்டிக்கொண்டே கணக்குப் போட்டேன்.
விழும்போது வேகம் கூட வேண்டும் என்பதையும்
மறந்திருந்தேன்; அதனால் நொடிக்கு ஐந்து அடி, மாறாமல்.

காலை ஐந்து ஐம்பது. கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
கழித்தல் குறி, ஒரு லட்சத்து ஐம்பத்து மூவாயிரம்.
சிவப்பு இன்னும் போய்க்கொண்டிருந்தது.

மேலே தூக்க இரண்டு வரி போதும்,
ஏழாவது தட்டு ரொட்டியில் அது பிடிபட்டிருந்தது.
எழுதவில்லை.
அவளுக்கு இரண்டாயிரம் அடி கீழே
ஒரு தரை போட ஆரம்பித்தேன்.
ஓடுகிற சர்வரில் கை வைக்கக் கூடாது என்பார்கள். வைத்தேன்.
ஆறு நிமிடம் நாற்பது நொடி.
நானூறு அடிக்கு நானூறு அடி, விளக்காக ஒரு மஞ்சள் சதுரம்.
சுவருக்கு நேரம் போதவில்லை.

சத்தமில்லாமல் வந்து நின்றது.

அங்கே மணி நான்கைத் தாண்டியதும்
அவளிடமிருந்து வந்தது: "நின்றுவிட்டதே. இது எந்த ஊர்?"
நோட்டில் அறுபது ஊர்ப் பெயர்கள் இருந்தன.
"இன்னும் பெயர் இல்லை. ஓரத்துக்குப் போகாதே" என்று எழுதிவிட்டு
என் பச்சையை
நாற்பதாவது அடிக்கு நடத்திப் போய்
இன்னும் ஒரு அடி வைத்தேன்.

எட்டு மணி முப்பத்தேழு நிமிடம் ஆகும்.
அவள் வேலை முடிந்து வரச் சரியாக இருக்கும்.