கோடு

கால்பந்து மைதானத்தில் கோடு போடும் வண்டி
ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள் மார்கிட்.
மூன்று சக்கரம், ஒரு தொட்டி, சுண்ணாம்புக் கரைசல்.
கக்கத்தில் பழைய வரைபடத்தின் நகல்:
ஹன்ட்டர் ஆற்று முகத்தில் ஏழெட்டுத் தீவுகள்,
இடையிடையே ஓடைகள், சிப்பி மேடு,
அலையாத்தி, சேறு.

இப்போது ஒரே தீவு.
நடுவிலிருந்த தண்ணீரையெல்லாம்
மண்ணும் கசடும் கொட்டி அடைத்து
மேலே நிலக்கரியை மலையாக்கி வைத்திருக்கிறோம்.
வைத்திருக்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும்.
என் சம்பளமும் அந்த மலையிலிருந்துதான்.

பழைய கரை எங்கே போனதோ
அங்கெல்லாம் வெள்ளைக் கோடு இழுக்கப் போகிறாளாம்.
நிறுவனம் மூன்று நாள் அனுமதி தந்தது,
பாதுகாப்பு அலுவலர் கூடவே நடக்க வேண்டும்
என்ற நிபந்தனையோடு.
அது நான்.
'அபாயங்கள்' என்ற கட்டத்தில் எழுதினேன்:
லாரி. தூசி. வெயில். புல்லோரம் பாம்பு.
ஆறு என்று எழுதத் தோன்றவில்லை.

கோடு எடைமேடையைக் குறுக்கே வெட்டியது.
ஒப்பந்தக்காரர் கழிப்பறையை இரண்டாகப் பிரித்தது:
பெண்கள் பக்கம் தீவு, ஆண்கள் பக்கம் ஓடை.
"அப்ப இத்தனை வருஷமா
சரியான இடத்துலதான் போயிருக்கோம்"
என்றான் லாரி ஓட்டும் டேரன்.

கன்வேயருக்குக் கீழே
நாற்பது நிமிடத்தில் கோடு கறுத்தது.
திரும்பி வந்து அதன்மேலேயே இழுத்தாள்.
கறுத்தது.
இழுத்தாள்.
ஏன் இப்படிக் கோணலாகப் போகிறாய் என்றேன்.
கரை நேராக இருந்ததே இல்லை என்றாள்.

எங்கள் மொழியில் கோடு என்றால் கரை,
கோடு என்றால் வளைவு, கோடு என்றால் கொம்பும்கூட
என்று சொல்லிவைத்தேன்.
தலைக்கவசத்தைக் கழற்றி நீட்டினாள்.
மார்க்கரால் எழுதினேன்,
இரட்டைக் கொம்பு, ஒரு கால், அப்புறம் டு.

மூன்றாம் நாள் அது அலுவலகத்துக்குள் வந்தது.
கம்பளத்தில் சுண்ணாம்பு ஆகாது என்றார்கள்,
வெள்ளை நாடா ஒட்டினாள்.
என் மேசைக்கு நடுவே போனது.
கணினி தரையில். நாற்காலி தண்ணீரில்.
ஆழம் எவ்வளவு?
வரைபடத்தைப் பார்த்தாள். "வற்றும்போது முழங்கால்."
அன்று மாலைவரை
காலைத் தூக்கியே வைத்திருந்தேன்.

நான் எண்ணூரில் பிறந்தவள்.
அங்கே சாம்பல் மூடிய கழிமுகத்துக்கு
வரைபடம் தேவையில்லை.
அதில் வலை போட்டவர்கள்
இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.
இதை மார்கிட்டிடம் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
அதையும் ஒரு கோடாக்கியிருப்பாள்.

இரண்டு மழையில் எல்லாம் கழுவிப் போனது.

பிறகு ஜனவரியின் பெரு ஓதம்.
வானத்தில் ஒரு மேகமில்லை.
வாகன நிறுத்தத்தில் சாக்கடைக் கம்பி வழியாகத்
தண்ணீர் சத்தமில்லாமல் மேலே வந்தது.
அழிந்துபோன கோடுவரை வந்து நின்றது.
மிகச் சரியாக என்று சொல்ல மாட்டேன்,
ஓரடி அப்படி இப்படி.
டேரனின் டயருக்கடியில்
விரல் நீளத்தில் ஒரு மடவைக் குஞ்சு.

படிவம் எடுத்தேன்.
கசிவின் வகை: நீர்.
அளவு: தெரியாது.
உரிமையாளர் (கட்டாயம் நிரப்பவும்):

பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு போய்
என் காரை மட்டும்
தீவுப் பக்கம் எடுத்து நிறுத்தினேன்.