மூன்று பத்திலிருந்து மூன்று ஐம்பது

திங்கள் மதியத்திலிருந்து கிடக்கிறது
இந்த வியாழன் ராத்திரி, எடுப்பாரில்லாமல்.
பதினொன்றுக்குத் தொடங்கி ஏழு மணி வரை,
இரண்டாம் மாடி, ஏரியைப் பார்த்த பக்கம்.
திரையில் அதற்கு ஆரஞ்சு நிறம்.
முப்பத்தொரு போன்களுக்கு அறிவிப்பு போயிற்று,
முப்பத்தொரு பேரும் பார்த்தார்கள்.
பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பதையும்
நிமிஷக் கணக்கோடு எனக்குக் காட்டிக்கொடுக்கும் செயலி அது.

யாரையும் குறை சொல்வதற்கில்லை.
டுலூத்தில் ஜனவரியில் எட்டு மணி நேரம்
ஒரே வாயில் போகிற கவளம் இல்லை.
லவானுக்கு ஆறு மணிக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டணும்.
ஆர்லோவின் மனைவி மூன்றரைக்கு ரொட்டிக்கடைக்குக் கிளம்பிவிடுவாள்,
தொட்டிலில் இரட்டை.
டெல்ஃபீன் முதுகில் இரண்டு திருகாணி;
மூன்று மணி நேரம் நிற்கும், நாலாவதில் கெஞ்சும்.

அமைப்புகளில், யாரும் போகாத நாலாவது பக்கத்தில்
ஒரு காலிக் கட்டம்:
பகுதியாக எடுக்க அனுமதிக்கவும்.
மூன்று வருஷம் அதைக் கடந்து போயிருக்கிறேன்,
மூடிய கடையைக் கடப்பதுபோல.
நாலரைக்கு டிக் போட்டேன்.
குறைந்தபட்சத் துண்டு எவ்வளவு என்று கேட்டது.
ஒரு மணி நேரம், என்றேன். யோசிக்கவில்லை.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை,
லவான் கிள்ளினாள்: பதினொன்று முதல் ஒன்றரை.
ஆர்லோ: ஒன்றரை முதல் மூன்று பத்து.
டெல்ஃபீனைத் தம்பியின் பனி வாரும் லாரி
வழியில் இறக்கிவிடுமாம்,
மூன்று ஐம்பது முதல் ஏழு அவளுக்கு.
பச்சை, பச்சை,
மெல்லிசாக ஓர் ஆரஞ்சுக் கோடு,
பச்சை.

நாற்பது நிமிஷம்.
பல்லிடுக்கில் மாட்டிய நார்.
யார் தொட்டாலும் சொன்னது:
ஒரு மணி நேரத்துக்குக் குறைந்ததை எடுக்க இயலாது.
நான் சொன்னதைத்தான் எனக்கே திருப்பிச் சொல்கிறது.
எண்ணை மாற்றியிருக்கலாம்.
மாற்றினால் ராத்திரியெல்லாம் பொரியாகிவிடுமோ என்று பயம்.

மூன்றரைக்குத்தான் ஆர்வெல்லா ஸ்டென்மார்க்கைப் புரட்டணும்.
இரண்டு மணிக்கொரு தரம்,
இல்லையென்றால் இடுப்புத் தோல் விட்டுப்போகும்.
கீழே நர்ஸ் ஒருத்தி, மாடி இரண்டு.
ஆகவே இரண்டரைக்கு எழுந்து
பைஜாமாவுக்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு
கார்க் கண்ணாடியைச் சுரண்டினேன்.
மைனஸ் பத்தொன்பது.
துறைமுக வாயில் தூக்குப்பாலம்
கப்பலே இல்லாத மாதத்திலும் விளக்கோடு நின்றது.

ஆர்லோ சாவியை நீட்டிவிட்டு ஓடினான்.
மூன்றரைக்கு அவள் தோளடியில் கைவைத்தேன்.
கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:
"இதுவும் சில்லிட்ட கை."
"மன்னிக்கணும்."
"நீ எத்தனையாவது?"
"மூணாவது."
"இன்னும் உண்டா?"
"ஒருத்தி வருவாள்."

முன்பெல்லாம் ராத்திரிக்கு ஒரே ஜோடிக் கை.
வரும்போது குளிர்ந்திருக்கும்,
அடுத்த புரட்டலுக்குள்
வெந்நீரும் போர்வையும் பட்டு வெதுவெதுத்துவிடும்.
எந்தப் பக்கத்திலும் எந்தக் கட்டமும்
இதைக் கேட்டதில்லை.

டெல்ஃபீன் வந்தது மூன்று ஐம்பத்திரண்டுக்கு,
வாசலில் பூட்ஸை உதைத்து உதைத்து.
அந்த இரண்டு நிமிஷம் யார் கணக்கு
என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

வெள்ளி காலை தலைமை அலுவலகம் பாராட்டியது:
தொண்ணூற்றிரண்டு சதவீதம் நிரம்பியதாம்.
மீதி எட்டு நான்தான் என்று எழுதவில்லை.
மூன்று பேரில் ஒருவருக்கும்
சாப்பாட்டு இடைவேளை அளவுக்கு மணி சேரவில்லை
என்பது கீழே, மிச்சம் என்ற தலைப்பில்.

டிக்கை எடுக்கவில்லை.
ஆர்லோவுக்கு அது பால் பவுடர்.
டெல்ஃபீனுக்கு, முதுகு இருந்தும் வேலை.
அடுத்த வாரத்தில் இன்னும் ஐந்து ராத்திரி ஆரஞ்சில் எரிகிறது.

ஷிப்டுக்கான குறிப்பு என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு.
உள்ளே போகுமுன் இரண்டு கையையும் வெந்நீரில்
என்று அடிக்கும்போதே இடம் தீர்ந்தது.
அழித்துவிட்டு, மறுபடி:
முதலில் கை சூடாகட்டும்.