இருபதாவது வளைவு

கோரிமேட்டில் எங்கள் வீட்டு ஜன்னலில்
மலை பாதிதான் தெரியும்.
மீதியை எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைத்துக்கொள்ளும்.
கடைசி பஸ் ஏறுவதைப் பார்த்த பிறகே
பாயை விரிக்க விடுவார்கள் இருவரும்.

ஒரு வெளிச்சம்.
இடப்பக்கம் போகும், காணாமல் போகும்,
கொஞ்சம் மேலே வலப்பக்கமாகத் திரும்பி வரும்.
எண்ணுகிறான் கிரி.
எட்டுக்குப் பிறகு ஒன்பதை விழுங்கிவிட்டுப்
பத்துக்குத் தாவுவான். பூவரசி திருத்துவாள்.
சண்டை ஓய்வதற்குள் பஸ் பதினான்கில் இருக்கும்.
இருபதாவது வளைவில் அணையும்.
அவ்வளவுதான்.
இனி அவர்கள் அப்பா ஏற்காட்டில்,
பஸ் ஸ்டாண்டை ஒட்டிய குளிர்ந்த அறையில்,
நாளைக் காலை முதல் டிரிப் வரை.

விளக்கை அணைக்கிறேன்.
தொடங்குகிறது.

"அம்மா, கால் வலிக்குது."
எந்தக் கால்?
"ரெண்டும். இல்ல, இது."
இதுவா?
"அதுக்குப் பக்கத்துல."
பக்கத்தில் இருப்பது அக்காவின் கால்.

அவளுக்கு எப்போதும் வயிறுதான்,
தொப்புளுக்கு மேலே ஒரு ரூபாய் அகலத்தில்.
மூன்று இட்லியும் அவன் தட்டில் மிச்சமிருந்த ஒன்றும்
சற்றுமுன் இறங்கிய வயிறு.
அவன் வலிக்கு நிலையான முகவரி கிடையாது.
முழங்கை, நகம், ஒருநாள் முடி.
போன வாரம் "தலகாணி வலிக்குது" என்றான்,
தேய்த்துவிடச் சொன்னான்.
தேய்த்தேன்.
தலையணை நன்றாகத் தூங்கியது.

"வளர்ற புள்ளைங்களுக்கு எலும்பு வலிக்கும்க்கா"
என்கிறாள் பக்கத்து வீட்டு ஹேமலதா.
டாக்டரும் அதையே சொல்லி
இருநூறு ரூபாய் வாங்கினார்.
அப்படியானால்
அவர் வீட்டில் படுக்கும் இரவுகளில் மட்டும்
எலும்பு ஏன் வளர்வதில்லை?

ஒரு தடவை தவறவிட்டேன்.
ஆனி மாதக் காற்று, கரண்ட் இல்லை.
"காது" என்றாள் பூவரசி.
காலையில் பார்க்கலாம், படு.
மறுபடியும் "காது".
மூன்றாவது முறை அவள் சொல்லவில்லை;
நல்லதாய்ப் போயிற்று என்று திரும்பிப் படுத்தேன்.
விடிந்தபோது தலையணை உறையில்
மஞ்சளாக ஒரு வட்டம்.

அதிலிருந்து எந்த வலியையும்
பாதி வழியில் இறக்கிவிடுவதில்லை.
செல்போன் டார்ச் அடித்து
வாயைத் திற, நாக்கை நீட்டு,
இங்கே அழுத்தினால்? இங்கே?
பொய் வலிக்கும் முகம் சுளிக்கத்தான் செய்கிறது.

தைல டப்பாவில் மூலையில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.
பாதி நாள் தேங்காய் எண்ணெய்தான்.
"எரியவே இல்லியே" என்பான்.
காலை மட்டும் இழுத்துக்கொள்ள மாட்டான்.

நேற்று கேட்டான்:
"மலைக்கு இருபது முட்டியாம்மா?"
என்னடா?
"வளையிற எடமெல்லாம் முட்டிதான?
தினமும் அதுமேலயே பஸ் ஓட்டுனா
அதுக்கு வலிக்காதா?"
இருட்டுக்குள்ளிருந்து பூவரசி:
"பஸ்ஸு ஓட்டுறவங்களுக்குத்தான்டா வலிக்கும், லூசு."

எனக்குப் பேச்சு வரவில்லை.
பிரேக் மிதித்து மிதித்து
அவருடைய வலது முட்டி வீங்கியிருப்பது
இவர்களுக்குத் தெரியாது என்றிருந்தேன்.
இவர்கள் கண்ணயர்ந்த பிறகுதான்
பட்டித் துணியை எடுத்துச் சுற்றுவார்,
சமையலறை வெளிச்சத்தில்,
பல்லைக் கடித்துக்கொண்டு,
ஸ்டூல் கிறீச்சிடாமல்.

கிரி காலை நீட்டினான்.
"இங்க."
வலது கால். முட்டி.
இந்த முறை இடம் மாறவில்லை.

டப்பாவைச் சுரண்டி இருந்ததை எடுத்தேன்.
வெகுநேரம் தேய்த்தேன்.
அவளும் தன் பங்குக்கு ஒரு காலை
என் மடியில் போட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்,
வயிற்றைப் பற்றிப் பேச்சே இல்லை.

எழுந்திருக்க வழியில்லை.
ஜன்னலில் பாதி மலை.
லாரியோ என்னவோ, இறங்கி வந்துகொண்டிருந்தது.
அவர் இல்லை என்று தெரியும்,
ஆனாலும் எண்ணினேன்.
பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று,
பத்து, எட்டு.
திருத்த யாரும் விழித்திருக்கவில்லை.